செவ்வாய்க்கிழமை திறந்த இணைப்பு

அன்றைக்குப் போனில் தம்பியின் குரல் எப்படி இருந்தது? கேட்பதற்கு முன் ஒரு நொடியாவது தயங்கினானா? தொண்டையைக் கனைத்தானா? அப்படி ஒன்று இருந்திருந்தால்கூடப் போதும். அதைப் பிடித்துக்கொண்டு, பாவம், அவனுக்கும் உறுத்தியிருக்கிறது என்று நான் சமாதானமாகிவிடுவேன். காலையிலிருந்து எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் அந்தக் குரல் சாதாரணமாகவே இருக்கிறது.

"அம்மாவை உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்களாக்கா?"

"இப்பத்தான் போனாங்க."

"பயப்படாத. கண்ணுதானே. அரைமணி நேரத்துல வெளிய வந்து உன்னையே அதட்டுவாங்க பாரு." நான் சிரித்தேன். அதன் பிறகுதான் கேட்டான். "டிஸ்க் நிறைஞ்சுபோச்சுன்னு சர்வர் கத்துதுக்கா. பழைய பதிவுகளைக் கொஞ்சம் அழிக்கணும். உன் பாஸ்வேர்டு என்ன?"

ஆஸ்பத்திரி நடைபாதையில் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. அம்மாவின் செருப்பும் தோடும் கண்ணாடியும் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து இருக்கைக்காரருக்குக் கேட்காமல் வாயைப் பொத்தி, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். நடுவில் ஒரு பெரிய எழுத்து வரும், அதையும் விடாமல் சொன்னேன். என்னை ஓடிவரச் சொல்லாமல் தானே பார்த்துக்கொள்கிறானே என்று அப்போது எனக்குக் கண் நிறைந்தது. மற்றதையெல்லாம்விட அதுதான் இப்போது எரிகிறது.

என் தம்பியின் அலுவலகத்தில் நான் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். ஆஸ்பத்திரிகளில் எடுக்கும் ஸ்கேன் படங்களைத் தொலைவில் இருக்கும் டாக்டர்களுக்கு அனுப்பிவைப்பது எங்கள் தொழில். அவன் பேசுவான், நான் சர்வர்களைப் பார்த்துக்கொள்வேன். எல்லாம் லினக்ஸ். அவனுக்கு அதில் நாலைந்து கட்டளைகள் தெரியும். அந்த நாலைந்தை வைத்துக்கொண்டு விருந்தினர் முன் பெரிய பெயர் வாங்கிவிடுவான். அதையும் ரசிக்கும் அக்காவாகத்தான் இருந்தேன்.

கட்டிடத்துக்கு வெளியே போகும் லைன் ஒன்றே ஒன்று. மாடியில் நாங்கள், கீழே என் பழைய சிநேகிதியின் அலுவலகம், இருவரும் அதைப் பங்கு போட்டுக்கொள்கிறோம். அவளை நாங்கள் ஒட்டகம் என்போம். கூட்டங்களிலும் விசாரணைகளிலும் யார் பேசினாலும் அதை உடனுக்குடன் தட்டச்சு செய்து, காது கேளாதவர்களின் திரையில் எழுத்தாக ஓடவிடுவது அவர்களின் வேலை. கூட்டம் முடியும்வரை எழுந்திருக்க முடியாது என்பதால் தண்ணீரே குடிக்காமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். அதனால் வந்த பெயர். எதையும் அளந்து பார்த்தால்தான் நம்புவேன் என்பதால் அவள் எனக்கு வைத்த பெயர் மீட்டர்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் குழுமம் எங்களைச் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டபோது, படம் போய்ச் சேர ஆகும் நேரம்தான் இடித்தது. ஒரு நோயாளியின் முழு ஸ்கேனுக்குப் பதினொரு நிமிடம். லைனின் அகலம் போதுமானதுதான். ஆனால் பாதை நீளம், படத்தைத் துண்டுகளாக்கி அனுப்பும் பாக்கெட்டுகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டு வழியில் தொலைந்துபோகும். லினக்ஸில் வழக்கமாக இருக்கும் நெரிசல் கட்டுப்பாட்டு முறைக்கு க்யூபிக் என்று பெயர். ஒரு பாக்கெட் தொலைந்தால், சாலையில் கூட்டம் போலிருக்கிறது என்று அது ஒதுங்கி, வேகத்தைக் குறைத்து, மெல்ல மெல்ல மறுபடி ஏறும். பிபிஆர் என்ற இன்னொரு முறை அப்படி ஒதுங்காது. பாதை எவ்வளவு தாங்கும் என்று தானே அளந்துகொண்டு, பாக்கெட் தொலைந்தாலும் அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வந்து சோதித்தேன். இரண்டு பழைய கணினிகளுக்கு நடுவே பொய்யாக ஒரு நீண்ட பாதையை உருவாக்கி, நூற்றுக்கு இரண்டு பாக்கெட்டுகளை வேண்டுமென்றே தொலையவிட்டேன். பிபிஆருக்கு மாற்றியதும் பதினொரு நிமிடம் நாலு நிமிடத்துக்குள் வந்துவிட்டது. நாற்காலியிலிருந்து எழுந்து காலி அறையில் ஒரு சுற்று நடந்தேன், அத்தனை சந்தோஷம். பிறகு மூன்றாவதாக ஒரு கணினியை அதே பாதையில் இணைத்து, ஒட்டகத்தின் ஆட்கள் அனுப்புவதுபோல எழுத்துகளைத் துளித்துளியாக அனுப்பிப் பார்த்தேன். பிபிஆர் ஓடும்போதெல்லாம் அந்த எழுத்துகள் வழி கிடைக்காமல் நின்றன. பத்து நொடி, இருபது நொடி, சில சமயம் அதற்கும் மேல்.

அறிக்கை இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் வேகம். இரண்டாம் பக்கத்தில், இந்தக் கட்டிடத்தின் பொது லைனில் இதைப் போடக் கூடாது, நமக்குத் தனி லைன் வந்த பிறகு பார்க்கலாம் என்று எழுதியிருந்தேன். தம்பி இரண்டையும் என் எதிரிலேயே படித்தான்.

"சரிக்கா, வேணாம்னா வேணாம்" என்றான். டீயை ஊதிக்கொண்டே, "போட்டுப் பாத்துட்டு, கீழ கத்தினாங்கன்னா உடனே திருப்பி மாத்திக்க முடியாதா?" என்றும் கேட்டான்.

"அது சுவிட்ச் மாதிரி இல்லடா. செட்டிங்கை மாத்தினா புதுசா திறக்கிற இணைப்புக்குத்தான் அது. ஏற்கனவே ஓடிட்டிருக்கிற இணைப்பு எந்த முறையில பிறந்ததோ அதே முறையிலதான் சாகும். படமெல்லாம் போற நம்ம டனல் மாசக்கணக்கா அறுபடாம நிக்கிற இணைப்பு. அதை மூடித் திறந்தாத்தான் மாறும்."

"அப்போ செட்டிங்ல ஒண்ணு இருக்கும், ஓடறது வேறயா இருக்கும்?"

"இருக்கலாம்."

"நம்ம மாமா மாதிரி" என்றான். வீட்டில் ஒரு முகம், வெளியே ஒரு முகம் என்று மாமாவைப் பற்றி அம்மா எப்போதும் சொல்வாள். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். ஒன்பது வருடத்தில் என் வேலையைப் பற்றி அவன் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதே இல்லை. அன்று முழுக்க எனக்கு அந்த மகிழ்ச்சி இருந்தது.

அடுத்த வாரம் அம்மாவின் கண் ஆபரேஷன். "நீ அம்மாகூட இரு அக்கா, இங்க நான் பாத்துக்கறேன்" என்று லீவு போடச் சொன்னதும் அவன்தான்.

திரும்பி வந்தபோது படங்கள் நாலு நிமிடத்தில் போய்க்கொண்டிருந்தன. "அவங்க பக்கம் புது லைன் போட்டுட்டாங்கக்கா, நம்ம அதிர்ஷ்டம்" என்றான். ஆஸ்பத்திரிக் குழுமம் ஒப்பந்தத்தை எங்களுக்கே கொடுத்தது. எதையும் அளக்காமல் நம்பாத நான் அதை அப்படியே விழுங்கினேன்.

இரண்டு வாரம் கழித்து மாடிப்படியில் ஒட்டகம் என்னை மறித்தாள்.

"ஏண்டி மீட்டர், உங்க பக்கம் எதையாவது நோண்டினீங்களா?"

"இல்லையே. என்னாச்சு?"

"எங்க எழுத்தெல்லாம் வண்டிமாடு மாதிரி நடுவழியில நிக்குது. நின்னுட்டு அப்புறம் மொத்தமா ஓடிவந்து விழுது. படிக்கிறவங்க திட்டறாங்க."

"இரு, பாத்துட்டு வரேன்" என்று ஏறிப்போய் செட்டிங்கைப் பார்த்தேன். க்யூபிக் என்று இருந்தது. இறங்கி வந்து, "எங்க பக்கம் எதுவும் மாத்தலை. சத்தியமா" என்றேன். அவள் சத்தியம் கேட்கவில்லை. நானாகத்தான் கொடுத்தேன்.

"நீ சொன்னா சரிதான். அப்போ கோளாறு எங்ககிட்டதான் இருக்கு" என்று அவள் போய்விட்டாள்.

கேபிளை மாற்றினார்கள். இரண்டு கணினிகளை மாற்றினார்கள். அதற்கும் அடுத்த வாரம் ஒரு விசாரணை. வேலையை விட்டு நீக்கலாமா என்று ஒரு தொழிலாளியை விசாரிக்கிறார்கள், அவருக்குக் காது கேட்காது. கேள்விகள் அவர் திரையில் நாற்பது நொடி பிந்தி வந்திருக்கின்றன. எதிரில் இருப்பவர்கள் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருக்க, முந்தின கேள்வியைப் படித்துக்கொண்டிருந்த அந்த மனிதர் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறார். "தெரிந்தேதான் செய்தீர்களா" என்ற கேள்விக்கு ஆமாம். விசாரணையை ரத்து செய்து மறுபடி நடத்த வேண்டியதாயிற்று. தட்டச்சு செய்தவரின் கை மெதுவாகிவிட்டது என்று புகார் எழுதினார்கள்.

தட்டச்சு செய்தவர் டைப்பிஸ்ட் அம்மா. ஒட்டகத்தின் அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாக இருப்பவர். வலது மணிக்கட்டில் ஒரு நீலப் பட்டை கட்டியிருப்பார். நான் போனால், "வாம்மா மாடி வீட்டு மகாராணி" என்பார், தலையைத் திருப்பாமல், விரல்கள் நிற்காமல். போன திங்கள்கிழமை நான் சீக்கிரம் வந்தபோது கீழே கண்ணாடிக் கதவுக்குள் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். திரை அணைந்திருந்தது. விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. தன் கையைத் தானே சோதித்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சங்கடமாக இருக்குமே என்று சத்தம் போடாமல் மேலே ஏறிவிட்டேன். இன்று, வெள்ளிக்கிழமை, சாயங்காலம் அவரிடம் வேலைநீக்கக் கடிதத்தைக் கொடுத்து அனுப்பிவிடப்போவதாக ஒட்டகம் நேற்றுச் சொன்னாள். சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைத்தான் பார்த்தாள்.

அதற்கு முன் கடைசி முயற்சியாக, லைன் கொடுக்கும் நிறுவனத்தின் இன்ஜினியரை வரவழைத்திருந்தாள். நாலு மணிக்கு வருகிறார். இரண்டு அலுவலகத்திலும் பார்ப்பார்.

விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைக் கூட்டிவைப்பதில்லையா, அந்த மாதிரிதான் இன்று காலை சர்வரில் ஓடும் இணைப்புகளை ஒவ்வொன்றாக விவரத்தோடு திரையில் எடுத்தேன். பதினாறு வரிகள். பதினைந்தில் க்யூபிக். எங்கள் டனலின் வரியில் பிபிஆர்.

முதலில் நான் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். சோதனை முடிந்து எதையோ மறந்து விட்டுவிட்டேனோ? செட்டிங்கைப் பார்த்தேன், க்யூபிக். டனல் எப்போது தொடங்கியது என்று பார்த்தேன். ஐந்து வாரத்துக்கு முன், செவ்வாய்க்கிழமை, மதியம் ஒன்று பன்னிரண்டு. போனை எடுத்துப் பழைய அழைப்புகளில் தேடினேன். அதே செவ்வாய்க்கிழமை ஒன்று ஐந்துக்குத் தம்பி. டிஸ்க்கைப் பார்த்தேன். முக்கால்வாசி காலி. பழைய பதிவுகள் அத்தனையும் அழியாமல் இருந்தன.

செட்டிங்கை மாற்றியிருக்கிறான், டனலை மூடித் திறந்திருக்கிறான், செட்டிங்கைப் பழையபடி வைத்திருக்கிறான். ஏழு நிமிட வேலை. டீ குடித்துக்கொண்டே நான் சொல்லிக்கொடுத்த வரிசை. நான் வந்து பார்த்தால் எங்கே பார்ப்பேன் என்பதுவரை அவன் யோசித்திருக்கிறான். அங்கேதான் பார்த்தேன். இணைப்பைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். சந்தேகம் இருந்தால்தானே அங்கே போவேன்? அவன் ஏமாற்றியது என் அறிவை அல்ல.

எழுந்து கீழே போய் ஒட்டகத்திடம் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. பாஸ்வேர்டை மாற்றினேன், யாரும் கையால் அணைத்துவிடாதபடி சர்வர் அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான் முடிந்தது. நாலு மணி நேரம் அந்த ஒரு வரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். திரையைப் படம் எடுத்து வைக்கலாம். ஆனால் நான் எடுத்த படத்தை யார் நம்புவார்கள்? ஓடும்போது பார்த்தால்தான் அது சாட்சி. டனலை ஒருமுறை மூடிவிட்டால் புதிதாகப் பிறப்பது க்யூபிக்காக இருக்கும். கீழே எழுத்துகள் தடையில்லாமல் ஓடும். இப்படி ஒன்று நடந்ததற்குத் தடமே இருக்காது.

மூன்று மணிக்குத் தம்பி என் அறைக்குள் வந்தான். கையில் எனக்கும் சேர்த்து டீ. கதவை முதுகால் சாத்தினான்.

"லைன்காரர் நாலு மணிக்கு வர்றாராமே."

"ஆமா."

"சர்வரை ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிரேன்க்கா. ரொம்ப நாளாச்சுல்ல."

"எதுக்கு?"

"சும்மாதான். வெளி ஆளு பாக்கும்போது பளிச்சுனு இருக்கட்டுமே."

"செவ்வாய்க்கிழமை ஒண்ணு பன்னெண்டுக்கு என்ன பண்ணின?"

டீயை மேஜையில் வைத்தான். சின்ன வயதில் மாட்டிக்கொண்டால் செய்வதுபோலப் புருவத்தைத் தேய்த்தான். மறுக்கவில்லை. மறுப்பான் என்று நான் எவ்வளவு எதிர்பார்த்துக் கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"சோதனை நாளுக்கு மட்டும்னுதான் நினைச்சேன். அப்புறம் எடுத்தா, ஏன் திடீர்னு மெதுவாச்சுன்னு அவங்க கேப்பாங்கல்ல?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ விடமாட்ட. அதனாலதான் சொல்லலை." ஏதோ என்மேல் இருக்கும் மரியாதையைச் சொல்வதுபோலத்தான் சொன்னான்.

"அம்மா உள்ள இருக்கும்போதுடா."

"அதுக்கும் இதுக்கும் என்னக்கா சம்பந்தம்? அம்மாவுக்காகவும்தானே இதெல்லாம்." கொஞ்சம் குனிந்தான். "இப்ப நீ நினைக்கிறதும் அதுதானே? ஒரு ரீஸ்டார்ட். கீழ அவங்களுக்கும் சரியாயிடும், நமக்கும் தலைவலி இல்ல. இனிமே தொடமாட்டேன்."

"டைப்பிஸ்ட் அம்மாவுக்கு சாயங்காலம் கடிதம் குடுக்கறாங்க."

"தெரியும். நம்ம ஆஸ்பத்திரியில எங்கயாவது சேத்துவிடறேன். நான் பேசறேன்."

"அவங்க கை மெதுவில்லைன்னு யாருடா சொல்றது?"

"அதையெல்லாம் யாரு கேக்கப் போறா?"

வெளியே யாரோ பிரிண்டரின் தட்டைத் தட்டிச் சரிசெய்யும் சத்தம். தம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டான். பிறகு, குரலை உயர்த்தாமல், கிட்டத்தட்டப் பரிவாக, "லாகின் உன் பேர்ல இருக்குக்கா" என்றான்.

முதலில் எனக்கு விளங்கவில்லை.

"அன்னிக்கு உள்ள போனது உன் பேர்லதான். லைன்காரர் பாத்தா நீ மாத்தினன்னுதான் தெரியும். அறிக்கை எழுதினதும் நீ. மூணு ஞாயித்துக்கிழமை வந்து சோதிச்சதும் நீ. உன்னைக் காப்பாத்தத்தான் சொல்றேன்."

அவன் இதைச் சொல்வதற்காக இந்த அறைக்கு வரவில்லை என்று நம்ப விரும்பினேன். அப்போதுதான் தோன்றியதாக இருக்கும், வாயில் வந்துவிட்டதாக இருக்கும். ஆனால் வாக்கியம் முழுசாக இருந்தது. அறிக்கை, ஞாயிற்றுக்கிழமை, லாகின். எங்கேயோ உட்கார்ந்து ஒழுங்காக அடுக்கிவைத்ததுபோல. ஒட்டகத்துக்கு நான் செய்த சத்தியத்தைப் பற்றி அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதையும் அந்த வரிசையில் சேர்த்திருப்பான்.

அவன் என் தோளுக்கு மேல் எட்டி, கீபோர்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். தனக்குத் தெரிந்த நாலைந்து கட்டளைகளில் ஒன்றைத் தட்டினான். திரை பாஸ்வேர்டைக் கேட்டு நின்றது. பழையதைப் போட்டான். தவறு என்றது. மறுபடி போட்டான், நடுவில் வரும் பெரிய எழுத்தை அழுத்தமாகத் தட்டி. ஐந்து வாரமாக அவன் அதை மறக்கவில்லை.

"மாத்திட்டியா?"

"காலையில."

ஒரு மூச்சு விட்டான். பின் இயல்பாக, டீ ஆறுகிறது என்று சொல்பவன்போல, "சரி, புது பாஸ்வேர்டு என்னக்கா?" என்றான்.

அதே குரல். காலையிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்த தயக்கம் அதில் எங்கும் இல்லை. அன்றைக்கும் இப்படித்தான் கேட்டிருக்கிறான். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

கீபோர்டை என் பக்கம் இழுத்தேன். அவன் தட்டிய கட்டளையை ரத்து செய்தேன். பதினாறு வரிகளும் திரையில் திரும்ப வந்து நின்றன. பையைத் திறந்து, சாவி இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்து, பையை மடியில் வைத்துக்கொண்டேன். அம்மாவின் செருப்பை அன்று வைத்திருந்தது போலவே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பதைக் கவனித்தேன்.

"என் பேர்லயே இருக்கட்டும். அவர் வந்து பாக்கட்டும்" என்றேன்.

"அக்கா."

"பாஸ்வேர்டைச் சொல்ல மாட்டேன்டா."